செய்தவரே சரி பார்த்தால்?

பலாலியில் இருந்து சென்னைக்குப் பிளேன் ஓடுது என்றால் எங்கட ஆக்கள் கேட்கிற கேள்விகள் இரண்டு. ரிக்கற் எவ்வளவு? எத்தனை கிலோ கொண்டு போகலாம்? இரண்டும் நியாயமான கேள்விகள். கையில் இருக்கிற காசையும், அங்கே இருக்கிற சித்திக்குக் கொண்டு போகவேண்டிய மிளகாய்த்தூளையும் வைத்துத்தான் எவரும் கணக்குப் போடுவார்கள். நாங்கள் இங்கே கேட்கப்போவது மூன்றாவது கேள்வி. அந்த விமானத்தை இரவில் திருத்தினவரின் வேலையை யார் சரி பார்த்தது?

இந்தக் கேள்வி எங்களுக்குத் தூரத்துக் கேள்வி இல்லை. ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையில் சின்னச் சின்னக் கம்பனிகளின் விமானங்களில்தான் எங்கட அம்மா அப்பாக்கள் போய்வந்தார்கள். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையில் இருந்து வரத் தொடங்கியது. கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசெம்பரில் திரும்பியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. இண்டிகோ பெரிய கம்பனி. ஆனாலும் இப்படியான குறுந்தூரப் பாதைகள், எழுபது எண்பது பேர் ஏறுகிற விமானங்கள், அதைவிடச் சின்ன விமானங்கள் என்பவை உலகமெங்கும் பெரும்பாலும் சின்னக் கம்பனிகளின் உலகம். நாளைக்கு மட்டக்களப்புக்கோ திருகோணமலைக்கோ ஒழுங்கான உள்ளூர்ச் சேவை வந்தாலும், அதை நடத்தப்போவது மூன்று நான்கு விமானங்கள் வைத்திருக்கிற ஒரு கம்பனியாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு கம்பனிக்குத் தர உறுதிப்பாட்டு முறை ஒன்றை எப்படிக் கட்டுவது? எங்கள் கருத்தைச் சுருக்கமாக முதலே சொல்லிவிடுகிறோம். மொத்தமான கையேடுகளாலும் சான்றிதழ்களாலும் அது வராது. வேலையைச் செய்தவர் ஒருவர், அதைச் சரி பார்க்கிறவர் இன்னொருவர், அந்த இன்னொருவர் "இது பறக்கக்கூடாது" என்று சொன்ன பிறகும் அடுத்த மாதச் சம்பளம் அவருக்கு வந்து சேரவேண்டும். மிச்சமெல்லாம் இதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்தான்.

ஒரு சோறு பதம் பார்க்க முடியாத பானை

தரம் என்றால் எங்களில் பலருக்கு நல்ல இருக்கை, நேரத்துக்குப் புறப்படுதல், பணிப்பெண்ணின் சிரிப்பு. விமானத் துறையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அதிலும் இரண்டு விசயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, செய்து முடிந்த வேலையைப் பரிசோதிப்பது. இதைத் தரக் கட்டுப்பாடு என்கிறார்கள். மற்றது, யார் செய்தாலும், எந்த இரவில் செய்தாலும், மழை பெய்தாலும், பெருநாள் என்றாலும், வேலை ஒரே மாதிரிச் சரியாக வரும் என்று நம்புவதற்கு ஆதாரம் தருகிற ஏற்பாடு. இதுதான் தர உறுதிப்பாடு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லுவோம். ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு என்பதால் அது சோற்றுக்குச் சரி. விமானம் அப்படி வேகிறதில்லை. இடது சக்கரம் சரியாகப் பூட்டப்பட்டிருப்பது வலது சக்கரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒவ்வொரு ஆணியையும் ஒரு தனி மனிதர், ஒரு தனி நேரத்தில், ஒரு தனிக் களைப்போடு பூட்டியிருக்கிறார். ஆகவே பானையை மட்டும் பார்த்தால் போதாது. சமையற்கட்டையே பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு விபத்துகளை எடுத்துக்கொள்வோம். விசாரணை அறிக்கைகள் முழுமையாக வெளிவந்தவை. இரண்டிலும் சம்பந்தப்பட்டவை பெரிய பெயர் இல்லாத கம்பனிகள்.

போடாத தொப்பி, போட்ட கையெழுத்து

1993 ஒக்ரோபரில் அற்லாண்டாவில் வால்யூஜெட் என்றொரு கம்பனி இரண்டு விமானங்களோடு தொடங்கியது. மலிவான ரிக்கற், பழைய டிசி-9 விமானங்கள், பாரிய பராமரிப்பு வேலைகள் எல்லாம் வெளிக் கம்பனிகளிடம். மூன்று வருசம் நிறைய முன்னமே ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் சேர்ந்துவிட்டன. இப்படி ஒரு வளர்ச்சியைப் பார்த்து யாரும் கைதட்டுவார்கள். கையைத் தட்டாமல் நின்றது ஒரு இடம் மட்டும். 1995 ஓகஸ்ற்றில் படையினரை ஏற்றிச் செல்லும் வேலைக்கு வால்யூஜெட் கேட்டபோது, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் மாட்டோம் என்றது. சொன்ன காரணம், தர உறுதிப்பாட்டு நடைமுறைகளில் பாரதூரமான குறைபாடுகள். சாதாரண சனம் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

1996 மே 11 அன்று மியாமியில் இருந்து அற்லாண்டாவுக்குப் புறப்பட்ட 592 ஆம் இலக்க விமானம், பத்து நிமிடமளவில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 110 பேரும் இறந்தார்கள். சரக்கறையில் பற்றிய தீ காரணம். தீக்குக் காரணம், அங்கே ஏற்றப்பட்டிருந்த காலாவதியான ஒட்சிசன் கலங்கள். பயணிகளின் தலைக்கு மேலே விழுகிற முகமூடிக்கு ஒட்சிசன் தருகிற சின்ன உருளைகள் அவை. இயங்கத் தொடங்கினால் கடுமையாகச் சூடேறும். அதனால் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்ரிக் பாதுகாப்புத் தொப்பி போடவேண்டும்.

சேபர்ரெக் என்ற ஒப்பந்தக் கம்பனிதான் அந்தக் கலங்களைக் கழற்றியது. தொப்பி போடவேண்டும் என்று வேலை அட்டையில் எழுதியிருந்தது. தொப்பிகள் அங்கே கையிருப்பில் இல்லை. தொப்பி போடப்படவில்லை. ஆனால் போட்டதாக அட்டையில் கையெழுத்து இருந்தது. பிறகு கலங்கள் மட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, வெறுங்கலங்கள் என்ற குறிப்போடு விமானத்தில் ஏறின.

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை மூன்று தரப்பைச் சொன்னது. கலங்களைச் சரியாகக் கையாளாத ஒப்பந்தக் கம்பனி. ஒப்பந்தக்காரரின் வேலையைக் கண்காணிக்காத வால்யூஜெட். அப்படியான சரக்கறைகளுக்குப் புகை உணரியும் தீயணைப்பு ஏற்பாடும் வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத அரச விமானப் போக்குவரத்து நிர்வாகம்.

இந்தக் கதையில் கெட்ட மனிதர் ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். நேரத்துக்கு முடிக்கவேண்டிய வேலை, இல்லாத ஒரு பொருள், "சைன் பண்ணு, பிறகு பாப்பம்" என்கிற மனநிலை. இது எங்களுக்கும் நல்லாய்த் தெரிஞ்ச மனநிலை. நடக்காத கூட்டத்துக்கு அறிக்கை எழுதுகிறோம். வராத நண்பனுக்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறோம். அங்கே யாரும் சாகிறதில்லை என்பதால் அது பழகிவிட்டது. பழகின கை, நாளைக்கு ஒரு விமானத்தின் வேலை அட்டைக்கு முன்னாலும் அதே கைதான்.

சொல்லிக் கொடுத்தவரே சரி பார்த்தார்

இரண்டாவது விபத்து இன்னும் சின்ன விமானம். எயார் மிட்வெஸ்ற் என்ற கம்பனியின் பீச் 1900டி. பத்தொன்பது பயணிகள் ஏறலாம். 2003 ஜனவரி 8 அன்று வட கரோலினாவின் சார்லற் விமான நிலையத்தில் இருந்து புறப்பட்டது. மேலெழும்பியதும் மூக்கு நிமிர்ந்துகொண்டே போனது. விமானிகள் எவ்வளவு முயன்றும் மூக்கைக் கீழே கொண்டுவர முடியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் விமானக் கொட்டகை ஒன்றில் மோதியது. 21 பேரும் இறந்தார்கள்.

இரண்டு இரவுக்கு முன்னர் மேற்கு வேர்ஜீனியாவில் ஒரு பராமரிப்பு நிலையத்தில் அந்த விமானத்தின் வாலில் இருக்கிற உயர்த்தித் தகட்டின் கம்பிகளைச் சரிசெய்திருந்தார்கள். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது அந்தத் தகடு. வேலை செய்த தொழில்நுட்பவியலாளருக்கு இந்த ரக விமானத்தில் அந்த வேலை முதல் தடவை. வேலையோடு வேலையாகப் பழகிக்கொண்டிருந்தார். நடைமுறைக் குறிப்பில் இருந்த 9 படிகள் விடுபட்டன. மூக்கைக் கீழே இறக்குகிற பக்கமாகத் தகடு போகவேண்டிய தூரத்தில் ஏறக்குறைய அரைவாசிதான் போகும் என்ற நிலையில் விமானம் வெளியே வந்தது.

இவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அங்கிருந்த தர உறுதிப்பாட்டுப் பரிசோதகர். படிகளை விட்டுச் செய்யலாம் என்று விட்டவரும் அவர்தான். வேலை முடிந்ததும் சரி பார்த்துக் கையெழுத்து வைத்தவரும் அவரேதான். தான் சொல்லிக் கொடுத்த வேலையில் பிழை கண்டுபிடிக்கிற கண் எவருக்கும் இலேசில் வராது. விசாரணைச் சபை பிறகு செய்த பரிந்துரைகளில் ஒன்று இதுதான்: ஒரு வேலையைச் செய்ய ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்த வேலையைப் பரிசோதிக்கிறவராக இருக்கக்கூடாது.

அங்கே இருந்தவர்கள் எயார் மிட்வெஸ்றின் ஆட்களும் இல்லை. எயார் மிட்வெஸ்ற் ஒரு கம்பனிக்கு வேலையைக் கொடுத்தது. அந்தக் கம்பனி தொழில்நுட்பவியலாளர்களை இன்னொரு கம்பனியிடம் எடுத்தது. விமானத்தின் வாலில் பூசியிருந்த பெயருக்கும் வாலுக்குள் கையை விட்ட மனிதருக்கும் இடையில் இரண்டு ஒப்பந்தங்கள்.

பிழையான கம்பிகளோடு அந்த விமானம் அதற்கு முன்னரும் பறந்திருந்தது. அப்போது ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு ஆட்களும் பொதிகளும் நிறைந்திருந்ததால் பாரம் பின்பக்கமாக எல்லையைத் தாண்டியிருந்தது. ஆனால் கடதாசிக் கணக்கில் எல்லாம் எல்லைக்குள்தான். ஏனென்றால் அந்தக் கணக்கு, ஒரு பயணி சராசரியாக இத்தனை இறாத்தல், ஒரு பொதி சராசரியாக இத்தனை இறாத்தல் என்று வைத்துப் போட்ட கணக்கு. அந்தச் சராசரிகள் உண்மையான மனிதர்களைவிட மெலிந்தவை. விபத்துக்குப் பிறகுதான் அவை உயர்த்தப்பட்டன. இரண்டு கிலோ கூடினதற்காகக் கவுண்டரில் நிற்கிற பிள்ளையோடு சண்டை பிடிக்கிற நாங்கள் இதை ஒருக்கா நினைத்துப் பார்க்கலாம். முந்நூறு பேர் போகிற விமானத்தில் இரண்டு கிலோ காசுக் கணக்கு. பத்தொன்பது பேர் போகிற விமானத்தில் ஒவ்வொருவரும் மறைக்கிற இரண்டு கிலோவும் பின்னால் ஒன்றாகச் சேரும்.

அப்ப எப்படிக் கட்டுவது?

முதலாவது, கையேடு. புதிதாகத் தொடங்குகிற சின்னக் கம்பனிக்கு வருகிற முதல் ஆசை, பெரிய கம்பனி ஒன்றின் கையேட்டை எடுத்துப் பெயரை மாற்றிவிடுவது. கோப்பு அழகாக இருக்கும். அனுமதியும் சில நேரம் கிடைக்கும். உள்ளே பார்த்தால், இல்லாத பிரிவுக்கு இல்லாத முகாமையாளர் அனுப்பவேண்டிய படிவம் இருக்கும். பதினைந்து பேர் வேலை செய்கிற இடத்தில் அதை ஒருவரும் திறக்கமாட்டார்கள். தாங்கள் உண்மையில் என்ன செய்கிறார்களோ அதை, செய்கிற ஆட்களோடு இருந்து, அவர்களுக்கு விளங்குகிற மொழியில் எழுதவேண்டும். எங்கட நாட்டில் இந்த மொழி விசயம் சின்ன விசயம் இல்லை. ஆங்கிலத்தில் இருக்கிற ஒரு எச்சரிக்கையை அரைகுறையாக விளங்கிக்கொண்டு தலையாட்டுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு விளங்கினதா என்று பார்க்கிறதும் முறையின் வேலை.

இரண்டாவது, பொறுப்பு. விமானத் துறை விதிகளில் பொறுப்புக்கூறும் முகாமையாளர் என்று ஒரு பதவி இருக்கிறது. காசை ஒதுக்குகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். தரத்துக்குப் பொறுப்பானவர் நேராக அவரிடம் போய்க் கதைக்கக்கூடியவராக இருக்கவேண்டும். பராமரிப்புத் தலைவருக்குக் கீழே தரப் பிரிவை வைத்தால், தன் மேலதிகாரியின் வேலையில் பிழை எழுதுகிற நிலை வரும். எழுதுவாரா?

மூன்றாவது, சரி பார்க்கிறவரின் சுதந்திரம். சின்னக் கம்பனிகள் இந்த இடத்தில்தான் கையை விரிக்கும். "எங்களிட்ட இருக்கிறதே பதினைந்து பேர், இதுக்கு வேற தனி ஆளா?" நேர்மையான கேள்வி. விதிகளை எழுதினவர்களுக்கும் இது தெரியும். ஐரோப்பாவில் இருபது முழுநேர ஊழியர் அல்லது அதற்குக் குறைவாக உள்ள கம்பனிகளைப் பெரும்பாலும் வேறாகத்தான் நடத்துகிறார்கள். ஒரே ஆள் இரண்டு பொறுப்பு வைத்திருக்கலாம். உள்ளகக் கணக்காய்வுக்கு வெளியில் இருந்து ஆளைக் கூப்பிடலாம். விட்டுக்கொடுக்காத ஒன்று, தான் செய்த வேலையைத் தானே கணக்காய்வு செய்யக்கூடாது என்பது. இரத்மலானையில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் இருக்கிற இரண்டு சின்னக் கம்பனிகள், வருசத்துக்கு இரண்டு கிழமை ஒருவரின் கணக்காய்வாளரை மற்றவருக்குக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். போட்டிக் கம்பனிக்கு எப்படி வீட்டைத் திறந்து காட்டுவது என்று யோசிப்பார்கள். ஒரு கம்பனியின் விமானம் விழுந்தால் அடுத்த நாள் பக்கத்துக் கம்பனியின் இருக்கைகளும் வெறுமையாகத்தான் போகும்.

நான்காவது, கணக்காய்வு எங்கே நடக்கவேண்டும் என்பது. முற்பகல் பத்து மணிக்கு, தேநீரோடு, கோப்புகளை அடுக்கி வைத்த மேசையில் நடக்கிற கணக்காய்வு கோப்புகளைத்தான் பார்க்கும். ஒரு விமானத்தின் ஒரு வேலை அட்டையை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் நடந்து போகவேண்டும். இதைச் செய்தவருக்கு இந்த ரகத்துக்கு அனுமதி இருக்கிறதா? போட்ட உதிரிப்பாகம் எங்கே இருந்து வந்தது, அதன் சான்று எங்கே? முறுக்கு அளக்கிற சாவியின் அளவுத்திருத்தத் திகதி என்ன? அந்த இரவு எத்தனை பேர் வேலையில் நின்றார்கள்? வேலை ஒப்பந்தக் கம்பனியிடம் நடந்திருந்தால் அங்கேயும் போகவேண்டும். அதிகாலை இரண்டு மணிக்குப் போகவேண்டும். ஏனென்றால் வேலை நடக்கிறது அந்த நேரத்தில்தான்.

ஐந்தாவது, கண்டுபிடித்த பிழையை என்ன செய்வது என்பது. முறுக்குச் சாவியின் அளவுத்திருத்தத் திகதி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "அனுப்பியாச்சு, திருத்தி வந்தாச்சு" என்று பதில் எழுதிக் கோப்பை மூடலாம். பெரும்பாலும் மூடுவார்கள். ஏன் முடியவிட்டார்கள் என்று கேட்டால், இருந்தது ஒரே ஒரு சாவி, அனுப்பினால் வேலை நிற்கும் என்பார்கள். ஏன் ஒன்று மட்டும்? இன்னொன்று வாங்கக் கேட்டு எழுதிய கடிதம் கணக்குப் பிரிவில் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது? இந்தத் தொகைக்கு மேலே போனால் முதலாளி கையெழுத்து வைக்கவேண்டும், அவர் கேட்டால் ஏசுவார் என்று ஒருவரும் கொண்டுபோகவில்லை. சாவியில் தொடங்கின கேள்வி முதலாளியின் கதவில் போய் நிற்கிறது. பொறுப்புக்கூறும் முகாமையாளர் காசு வைத்திருப்பவராக இருக்கவேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இங்கே விளங்கும்.

"அண்ணை, இது பிழை"

இவ்வளவும் எழுதி வைத்தாலும் ஒரு விசயம் இல்லாவிட்டால் எல்லாம் கடதாசிதான். பிழையைக் கண்டவர் வாய் திறக்கவேண்டும்.

இது எங்கட சமூகத்தில் கஷ்டமான வேலை. இருபது வருசம் வேலை செய்த ஒருவரிடம் போய், நேற்றுச் சேர்ந்த பெடியன் ஒருவன் "அண்ணை, இதில ஒரு படி விடுபட்டுப் போச்சு" என்று சொல்லுவானா? சொன்னால், "நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்ற பதில்தான் வரும். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் மூத்தவரை மறுத்துப் பேசாமல் இருப்பதை நல்ல பழக்கம் என்று படித்து வந்தவர்கள் நாங்கள். மரியாதை நல்லதுதான். மரியாதையும் மௌனமும் ஒன்றாகிப்போன இடத்தில் விமானம் பராமரிக்க முடியாது.

அமெரிக்காவில் 1976 இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விமானிகளும் மற்ற ஊழியர்களும் தாங்கள் கண்ட, தாங்களே செய்த தவறுகளை எழுதி அனுப்ப ஒரு முறை. அதை நடத்துவது தண்டிக்கிற அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் இல்லை, நாசா. எழுதினவரின் பெயர் நீக்கப்படும். பிரித்தானியாவில் 1982 இல் இதே மாதிரி ஒன்று தொடங்கியது. தண்டிக்கிறவரிடம் ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள் என்ற மிக எளிமையான விளக்கம்தான் இரண்டுக்கும் அடிப்படை.

பதினைந்து பேர் உள்ள கம்பனியில் பெயரில்லாமல் எழுதினாலும் யார் எழுதினது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் அங்கே பெயரை மறைப்பது மட்டும் போதாது. சொன்னவருக்கு ஒன்றும் நடக்காது என்பதை முதலாளி எல்லோரும் பார்க்கச் செய்து காட்டவேண்டும். வேண்டுமென்று செய்த மோசடி வேறு. களைப்பிலும் அவசரத்திலும் நடந்த தவறு வேறு. இரண்டாவதைத் தானாக வந்து சொன்னவருக்கு ஒரு முறை தண்டனை கொடுத்தால், அந்தக் கம்பனியில் அடுத்த பத்து வருசத்துக்கு யாரும் எதையும் சொல்லமாட்டார்கள்.

"எங்கட கம்பனியில் இதுவரைக்கும் ஒரு விபத்தும் நடக்கேல்லை" என்று சொல்லுவார்கள். மூன்று விமானம் வைத்திருக்கிற கம்பனி, முறையே இல்லாமல், அதிர்ஷ்டத்தை மட்டும் வைத்து இருபது வருசம் ஓட்டலாம். எயார் மிட்வெஸ்றின் அந்த விமானமும் கடைசிப் பறப்புவரை நல்லாய்த்தான் பறந்தது. சின்னக் கம்பனிக்கு விபத்து எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. இந்த மாதம் எத்தனை பேர் வந்து குறை சொன்னார்கள் என்பது சொல்லும். ஒருவரும் வரவில்லை என்றால் அங்கேதான் பயப்படவேண்டும்.

செலவும் அரசும்

செலவு அதிகம் என்பார்கள். செலவுதான். ஆனால் வால்யூஜெட் 1996 ஜூனில் தரையிறக்கப்பட்டது. திரும்ப எழும்பினாலும் அடுத்த வருசம் இன்னொரு கம்பனியோடு சேர்ந்து தன் பெயரையே கைவிட்டது. எயார் மிட்வெஸ்ற் 2005 இல் இறந்தவர்களின் குடும்பங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2008 இல் மூடப்பட்டது. தொப்பி ஒன்றின் விலை, இரண்டாவது பரிசோதகர் ஒருவரின் ஒரு இரவுச் சம்பளம் ஆகியவற்றை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்பார்கள். மேலே சொன்ன இரண்டு அறிக்கைகளிலும் அரச நிர்வாகத்தின் பெயரும் குற்றப் பட்டியலில் இருக்கிறது. பரிசோதகர் வருசத்தில் சில நாள் வருவார். மிச்ச இரவுகளில் கம்பனி தனியத்தான்.

செய்தவரே சரி பார்ப்பது நாட்டளவிலும் நடக்கும். நேபாளத்தில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதும் விமான நிலையங்களை நடத்துவதும் ஒரே அதிகாரசபை. 2013 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமானக் கம்பனிகள் எல்லாவற்றையும் தன் வானத்தில் பறக்கத் தடை செய்தது. அந்த இரண்டு வேலைகளையும் பிரிக்கவேண்டும் என்ற அழுத்தம் அதற்குப் பிறகு தொடர்ந்து இருந்துவருகிறது. இலங்கையில் ஒழுங்குபடுத்துகிற சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும், விமான நிலையங்களை நடத்துகிற கம்பனியும் தனித்தனி. நல்ல விசயம். அந்தப் பிரிவு ஒவ்வொரு சின்னக் கம்பனியின் கொட்டகைக்குள்ளும் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதிகாரசபை கணக்காய்வு செய்து கண்டவற்றின் சுருக்கத்தையாவது மூன்று மொழியிலும் சனம் வாசிக்கக்கூடியதாக வெளியிடவேண்டும் என்றும் கேட்கிறோம். காசு கொடுத்து ஏறுகிறவருக்கு அது தெரியவேண்டும்.

எங்களில் பலர் விமானத் துறையில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறோம். விளம்பரங்கள் விமானியையும் பணிப்பெண்ணையும்தான் காட்டுகின்றன. பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர், தரக் கணக்காய்வாளர் என்ற வேலைகளின் படம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. ஆங்கிலக் கையேட்டை வாசித்து அதைத் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கப்படுத்தக்கூடிய, கேள்வி கேட்கப் பயப்படாத இளைய ஆட்களுக்கு அங்கே பெரிய இடம் இருக்கிறது. அப்படி ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால், சம்பளத்தையும் லீவையும் கேட்ட பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தக் கம்பனியில் கடைசியாக ஒருவர் "இது பறக்கக்கூடாது" என்று நிறுத்தினது எப்போது? அவர் இப்போதும் இங்கே வேலை செய்கிறாரா?